படகு ஓடாத நாளில் திறந்திருந்த நூலகம்

தீவுப்பகுதிக்கு நியமனம் என்றதும், புதிதாக நூலகர்களாக வரும் உங்களில் சிலருடைய முகம் வாடிப்போனதாகக் கேள்விப்பட்டேன். கடிதத்தில் நெடுந்தீவு என்று கண்ட ஒருவர், இடமாற்றத்துக்கு யாரைப் பிடிக்கலாம் என்று அன்றே விசாரித்தாராம். அவரை நான் குறை சொல்லமாட்டேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு நின்று, உப்புத் தண்ணீர் தெறித்துச் சேலை நனைந்து வேலைக்குப் போன முதல் நாள் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு என்று மூன்று இடத்திலும் இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: நூலகர் ஒருவருக்கு இதைவிட விறுவிறுப்பான வேலைத்தலம் கிடையாது. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் எனக்கு, இப்போதும் காற்று பலமாக அடித்தால் உடனே நூலகத்தைப் போய்த் திறக்கவேண்டும் போலிருக்கிறது. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

நூல்களின் பகுப்பெண், இருப்பெடுப்பு, அறிக்கை எல்லாம் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். அன்றன்று நடந்ததை அன்றன்றே குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் கீழே வரும் பேச்சுகள் பெரும்பாலும் பேசியபடியே இருக்கும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்களிடம் இருப்பவை நல்ல பொருட்கள். கடந்தகால வினாத்தாள்கள் பாடவாரியாகக் கட்டப்பட்டிருக்கும். பல்கலைக்கழக அனுமதிக் கைநூல் இருக்கும். முன்னைய வருடங்களில் அனுமதிக்குத் தேவைப்பட்ட வெட்டுப்புள்ளிகள் இருக்கும். தொழிற்பயிற்சி நிலையங்களின் விபரங்கள், கணினி, இணையம், அச்சிடும் வசதி எல்லாம் உண்டு. எதற்கும் ஒரு சதம் கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் சதம் கொடுக்காமல் கிடைப்பதை எங்கள் சனம் நம்பாது. படகேறி, பஸ் ஏறி, யாழ்ப்பாணம் ரவுனில் இணையமும் அச்சும் செய்துதரும் ஒரு கொமினிகேசன் கடைக்குள் வியர்த்துக்கொண்டு நின்று, காசு கொடுத்துச் செய்தால்தான் அது செய்த மாதிரி.

"லைபிறரியிலை சும்மா தாறதுதானே மிஸ்," என்று ஒரு தாய் என் முகத்துக்கு நேரே சொன்னார். கோபித்துச் சொல்லவில்லை. என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

இரண்டாவது விடயம், குரல் மூலை. அதைப் பற்றிச் சொல்லாமல், படகு ஓடாத ஒரு நாளின் கதையைச் சொல்லமுடியாது.

கைநூலில் ஒரு பட்டப்படிப்பைப் பற்றி நாலைந்து வரி இருக்கும். அதை வாசித்துவிட்டு ஒரு பிள்ளை எதைத் தெரிந்துகொள்ளும்? எங்கள் தீவுகளிலிருந்து படித்துப் போனவர்கள் எங்கெங்கோ வேலை செய்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கும் தேவாலயப் பெருநாளுக்கும் கட்டாயம் வருவார்கள். வந்தால் வீட்டில் பிடிக்க ஏலாது. விருந்தும் விசாரிப்புமாக இருப்பார்கள். ஆனால் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருக்கும்போது ஓடவும் ஏலாது, செய்ய வேறு வேலையும் இல்லை. நான் அங்கே போய்ப் பக்கத்தில் அமர்ந்து, கைத்தொலைபேசியை முன்னால் வைத்து, ஒரு கேள்வி கேட்பேன். "என்ன படித்தீர்கள்?" என்று கேட்கமாட்டேன். அதற்கு எல்லாரும் மேடைப்பேச்சாகத்தான் பதில் சொல்வார்கள். "கடைசியாக வேலைக்குப் போன நாளில், போனவுடனே முதல் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பேன். அதற்குத்தான் உண்மை வரும். தாதியும் நிலஅளவையாளரும் கப்பல் இயந்திரத்தில் வேலை செய்பவரும் வங்கிக்காரரும் அப்படிச் சொன்னவற்றை ஒரு பழைய கணினியில் போட்டு, காதில் மாட்டிக் கேட்கும் கருவி இரண்டோடு வாசிப்பறையின் ஒரு மூலையில் வைத்தேன். பதிவுகளில் ஆடு கத்தும், படகு ஊதும். பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது.

இனி நெடுந்தீவில் நடந்த அந்த நாளுக்கு வருகிறேன்.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான கடைசி நாள். மாலையோடு இணையத்தில் மூடிவிடுவார்கள். காலையில் வாடைக்காற்று எழும்பி, படகு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இறங்குதுறைக்குப் போன பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே நூலகத்துக்கு வந்தார்கள். எங்களுடைய உதவியாளர் யோகன் அண்ணை கதவடியில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் வரவேற்றார்.

"வாங்கோ, வாங்கோ. கடல் கலைச்சுவிட்டாத்தான் எங்கடை ஞாபகம் வரும், என்ன?"

அவர்களில் நிலானி பதறாமல் வந்தார். உயிரியல் பிரிவில் படித்தவர். தகப்பன் மாடு வளர்ப்பவர். விண்ணப்பம் முந்தின நாளே போய்விட்டது என்றார்.

"நீர் ரவுனுக்குப் போகேல்லையே?" என்று கேட்டேன்.

"இல்லை மிஸ். மயூரன் போனவன். அவனிட்டைக் குடுத்துவிட்டனான்."

இந்தக் குடுத்துவிடுகிற வழக்கத்தை நீங்கள் விளங்கிக்கொள்ளவேண்டும். தீவில் ஒருவர் ரவுனுக்குப் போகிறார் என்றால் அவர் தனக்காக மட்டும் போவதில்லை. ஒரு வீட்டின் மருந்து, இன்னொரு வீட்டின் மின்விசிறி, மூன்றாம் வீட்டின் பென்சன் அலுவல் எல்லாம் அவருடைய பையில் போகும். இந்த வழக்கம் இல்லாவிட்டால் இந்தத் தீவில் ஒருவரும் சீவிக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. சொன்ன பொருள் கடையில் இல்லாவிட்டால், போனவர் தனக்கு நல்லதென்று பட்டதை வாங்கி வருவார். பச்சைச் சேலை சொல்லி நீலச்சேலை வந்தால் ஒருவரும் கோபிப்பதில்லை.

மயூரன் நிலானியோடு படித்தவர். தன்னுடையதையும் வேறு மூன்று பேருடையதையும் சேர்த்து நாலு விண்ணப்பங்களை அனுப்பிவிட்டு, அன்று காலை திரும்பிவரப் பார்த்து, அக்கரையில் குறிகட்டுவானில் அகப்பட்டுப்போயிருந்தார். அனுப்பிய விண்ணப்பத்தின் படத்தை அவர் நிலானியின் தொலைபேசிக்கு அனுப்பியிருந்தார். சின்னத் திரையில் எழுத்துச் சரியாகத் தெரியாததால் அதை அச்செடுத்து வைக்கத்தான் நிலானி வந்தார். அச்சு வெளியே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"மிஸ், நான் சொன்னது இதிலை இல்லை."

விரும்பும் படிப்புகளின் வரிசையில் முதலாவதாகப் போடச் சொன்னது நீர்வளம் பற்றிய ஒரு பட்டப்படிப்பு. மலைநாட்டுப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதைக் காணவில்லை. அதற்குப் பதிலாக, முந்தின வருடம் எங்கள் தீவிலிருந்து தெரிவான ஒரு பிள்ளையின் விருப்ப ஒழுங்கு மேலிருந்து கீழ்வரை அப்படியே இருந்தது. எல்லாம் யாழ்ப்பாணத்துக்குள் அடங்கிய ஒழுங்கு.

தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மயூரனை அழைத்தார். காற்று இரைந்தது.

"டேய், நான் என்னத்தைச் சொன்னனான், நீ என்னத்தைப் போட்டனி?"

"நீ சொன்னதை அந்தக் கடைக்கார அண்ணை கேள்விப்படவே இல்லையாம். எல்லாருக்கும் போன வருசத்து ஒழுங்கைத்தானே போடுறது. அதிலை போட்டாக் கட்டாயம் கிடைக்கும். நல்லதுக்குத்தானே செய்தனான்!"

"உன்ரை நல்லதைக் கொண்டுபோய்க் கடலிலை போடு!"

வாசிப்பறை சிரித்தது. நிலானி சிரிக்கவில்லை. மூடும்வரை மாற்றலாம் என்று திரையில் இருந்தது. ஆனால் உள்ளே போவதற்கான இரகசிய இலக்கம், விண்ணப்பத்தில் கொடுத்த தொலைபேசிக்குத்தான் வரும். மயூரன் நாலு பேருக்கும் தன்னுடைய தொலைபேசி இலக்கத்தையே கொடுத்திருந்தார். வேலை சுகமாகட்டும் என்று. வரும் இலக்கம் சில நிமிடம்தான் செல்லும்.

இந்த இடத்தில் நூலகர் என்ன செய்யவேண்டும்? உங்களுக்குக் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. நான் முதலில் கணினியைத் தொடவில்லை. நிலானியின் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"இந்தப் படிப்பை எங்கை பிடிச்சனீர்?"

"குரல் மூலையிலை. நயினாதீவு அக்கா ஒராள் கதைக்கிறா. போன மாசம் முழுக்க அதைத்தான் கேட்டனான். பிறகு கைநூலிலை தேடினனான். வெட்டுப்புள்ளியும் பார்த்தனான். என்ரை புள்ளி காணும்."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. கிடைச்ச பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"விண்ணப்பம் உம்முடையது. நான் ஒருத்தரிட்டையும் போய்ச் சொல்லமாட்டன். ஆனா அவர் இந்தக் கதவாலை வந்து என்ன நடக்குதெண்டு கேட்டா, திரையை மூடவும் மாட்டன்."

நிலானி அச்சுத்தாளை மடித்து வைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, "அப்பா வாறார்," என்றார். அவ்வளவுதான். அதைச் செய்யும்படி நான் சொல்லவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

தகப்பன் வந்து சேருவதற்குள் வேறு ஒரு கூத்து. மயூரனிடம் கொடுத்துவிட்ட மற்ற இருவரும் அங்கேதான் இருந்தார்கள். தங்களுடையதையும் திறந்து பார்க்கும் அவசரத்தில் இருவரும் ஆளுக்கொரு கணினியில் இலக்கம் கேட்டுவிட்டார்கள். நிலானியும் கேட்டார். அக்கரையில் மயூரனுடைய தொலைபேசி விடாமல் அடித்தது.

"மிஸ், மூண்டு இலக்கம் வந்திட்டுது! எது ஆருடையதெண்டு தெரியேல்லை!"

"முதல் வந்ததைச் சொல்லடா!"

"அது என்ரை! என்ரை!"

ஒன்றும் பொருந்தவில்லை. மாறிமாறி அடித்து, ஒரு விண்ணப்பம் சிறிது நேரத்துக்குப் பூட்டிக்கொண்டது. நல்லகாலம், அது நிலானியுடையது அல்ல. நான் எழும்பி, இரண்டு கணினிகளின் திரையையும் நிறுத்தினேன். அறை முழுக்க ஒரே கூச்சல். "மிஸ்!" என்று ஒருவர் அழுகிற குரலில் கத்தினார்.

"ஒருத்தர் முடிஞ்சுதான் மற்றவர்," என்றேன். "மாற்றவேண்டியது இன்னதெண்டு தெரிஞ்ச ஆள் முதல். மற்ற ரெண்டு பேரும் கைநூலை எடுத்து, போட்டிருக்கிற முதல் அஞ்சையும் வாசியுங்கோ. வாசிச்சுப்போட்டு, அது என்ன படிப்பெண்டு எனக்கு உங்கடை சொல்லிலை சொல்லவேணும். சொல்ல ஏலாத படிப்பை ஏன் போட்டிருக்கிறியள்?"

இருவரும் வாசிக்கத் தொடங்கினார்கள். நெருக்கடியில் ஆட்களைச் சும்மா இருக்கச் சொல்லாதீர்கள். இருக்கமாட்டார்கள். உருப்படியான ஒன்றைக் கையில் கொடுங்கள்.

அப்போதுதான் தகப்பன் வந்தார். சைக்கிளைக் கல்மதிலில் சாத்திவிட்டு, காற்றில் தலைமயிர் எழும்பி நிற்க உள்ளே வந்தார். நூலகத்துக்குள் அவர் முன்பு வந்ததை நான் பார்த்ததில்லை.

"எங்கை போகப்போறாளாம் இவள்?"

நிலானி சொன்னார்.

"தண்ணியைப் படிக்க மலைநாட்டுக்குப் போகோணுமே? கிணத்தடியிலை வந்து நில் ஒருக்கா. நான் படிப்பிக்கிறன்."

யோகன் அண்ணை சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"அப்பா, எங்கடை கிணறு ஏன் உவராப் போகுது?" என்று நிலானி கேட்டார்.

"மழை காணாது. வேறை என்ன?"

"மழை நல்லாப் பெய்த வருசமும் உவராத்தானே கிடந்தது? மாடு வாய் வைக்கேல்லையே. அண்டைக்கு நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

அவர் எழும்பி நின்ற தலைமயிரைக் கையால் அழுத்திவிட்டார். அந்தக் கோடையில் அவருடைய மாடுகள் சில செத்தது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"அது சரி," என்றார். குரல் இறங்கியிருந்தது. "அவ்வளவு தூரத்திலை உன்னை ஆர் பாக்கிறது? என்னமும் எண்டா நான் எந்தப் படகிலை வாறது? இண்டைக்குப் பார், பக்கத்திலை கிடக்கிற குறிகட்டுவானுக்கே போக ஏலாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ மிஸ். இது நல்ல படிப்போ?"

தம்பிமாரே, தங்கைமாரே, இந்தக் கேள்வி உங்களிடம் வரும். திரும்பத் திரும்ப வரும். ஊரில் உங்களை மதிக்கிறவர்கள்தான் கேட்பார்கள். 'ஓம்' என்று சொல்வது மிகச் சுகம். நான் சொல்லியிருந்தால் அவர் சம்மதித்திருக்கவும் கூடும். ஆனால் அந்தப் பிள்ளையின் நாலு வருடம் என்னுடைய ஒரு சொல்லில் தொங்கக்கூடாது.

"எனக்குத் தெரியாது," என்றேன். "தெரிஞ்ச ஒராள் கதைச்சது இருக்கு. கேக்கிறியளோ?"

அவரைக் குரல் மூலைக்குக் கூட்டிப்போய் அமர்த்தினேன். காதில் மாட்டுவதற்கு வெட்கப்பட்டார். அதனால் வெளியே கேட்கும்படி போட்டேன். முதலில் படகு ஊதியது. பிறகு அந்த நயினாதீவுப் பெண்ணின் குரல்.

"போனவுடனை முதல் என்ன செய்தனானோ? போத்தல் கழுவினனான். உண்மையாத்தான் அக்கா, சிரிக்காதையுங்கோ. பாதி நேரம் போத்தல் கழுவிறதுதான் வேலை. போத்தல் சுத்தமில்லாட்டி முடிவு பிழைச்சிடும். பிறகு ஒரு ஊர்க் கிணத்துத் தண்ணி சோதிக்க வந்தது. குடிக்கக்கூடாது எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சனான். அந்தச் சனத்துக்கு வேறை கிணறு இல்லை எண்டு எனக்குத் தெரியும். கையெழுத்து வைச்சுப்போட்டுச் சோறு சாப்பிட ஏலாமல் இருந்தது. அடுத்த கிழமை அங்கை போய், எங்கை தோண்டலாமெண்டு பாக்கிறம்."

இன்னும் கொஞ்சம் இருந்தது. முதல் வருடம் விடுதியில் அழுதது, அட்டை கடித்தது, சிங்களத்தில் தலையாட்டிச் சமாளித்தது எல்லாம். முடியும்வரை தகப்பன் அசையாமல் கேட்டார்.

"இந்தப் பிள்ளை பொய் சொல்லேல்லை," என்றார். "போத்தல் கழுவினதையும் சொல்லுது." பிறகு மகளைப் பார்த்தார். "நீ கழுவுவியோ?"

"ஓம் அப்பா."

"வீட்டிலை ஒரு கோப்பை கழுவிக் காணேல்லை."

அறை வெடித்துச் சிரித்தது. நிலானியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சரி. யாழ்ப்பாணத்தை ரெண்டாவதாப் போடு. அதை விடாதை. முதலாவது உன்ரை எண்ணம்," என்றார் தகப்பன்.

இனி இலக்கம்தான் மிச்சம். ஒருவர் மட்டும் கேட்கவேண்டும், ஒரு இலக்கம் மட்டும் வரவேண்டும். மயூரனுக்கு நான் சொன்னேன்: "தம்பி, பழையதுகளை எல்லாம் அழியும். இனி வாறதை மட்டும் வாசியும். ரெண்டுதரம் வாசியும்."

முதல்தரம் பாதி இலக்கத்தோடு தொடர்பு அறுந்தது. மறுபடி எடுப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. இரண்டாம்தரம் காற்றில் ஒன்றும் கேட்கவில்லை.

"தேத்தண்ணிக் கடைக்குப் பின்னாலை போ!" என்று நிலானியின் தகப்பன் தொலைபேசிக்குள் கத்தினார். "பின்சுவரோடை ஒட்டி நில்! அங்கை காத்து அடிக்காது!"

மயூரன் ஓடுவது எங்களுக்குக் கேட்டது. மூன்றாம்தரம் இலக்கம் வந்தது. இரண்டுதரம் வாசித்தார். நிலானி அடித்தார். விண்ணப்பம் திறந்தது. பழைய ஒழுங்கை அவரே ஒவ்வொன்றாக அழித்து, கைநூலைப் பார்த்து ஒவ்வொரு குறியீட்டையும் அவரே போட்டார். நான் பின்னால் நின்று, பார்த்துச் சரிபிழை மட்டும் சொன்னேன். மாற்றம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று திரையில் வந்தபோது, யோகன் அண்ணை தேர்தல் முடிவு போல வெளி விறாந்தையில் போய் அறிவித்தார். வீதியில் போனவர்கள் கூட நின்று பார்த்தார்கள். இப்படி ஒரு சந்தோசத்தை அலுமாரிகளுக்கு நடுவே நான் எதிர்பார்த்து வேலைக்கு வரவில்லை.

மற்ற இருவரில் ஒருவர் தன்னுடைய ஒழுங்கில் இரண்டை மாற்றினார். மற்றவர், பூட்டு விட்டதும் திறந்து பார்த்து, அஞ்சு படிப்பையும் தன்னுடைய சொல்லில் எனக்கு விளக்கி, ஒன்றையும் மாற்றாமல் விட்டார். அதுவும் எனக்கு அதே அளவு திருப்தி. மாற்றவைப்பது எங்கள் வேலை அல்ல.

அதற்குப் பிறகு ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தேன். நீங்களும் தொடருங்கள். விண்ணப்ப காலத்தில் பிள்ளை தன்னுடைய தொலைபேசி இலக்கத்தோடு, தன்னுடைய கையால், எங்களுடைய கணினியில் செய்யவேண்டும். மருந்தையும் மின்விசிறியையும் குடுத்துவிடட்டும். இதை மட்டும் குடுத்துவிடவேண்டாம். படகு ஓடாத நாட்களில் நேரத்தோடு திறந்து, நேரம் செல்லப் பூட்டுங்கள். 'சும்மா தாறது' என்று சொன்ன அந்தத் தாயின் இரண்டாவது மகள் எங்களிடம்தான் விண்ணப்பித்தார்.

நிலானிக்கு அந்த முதலாவதே கிடைத்தது. முடிவு வந்த அன்று பின்னேரம் தகப்பனையும் இழுத்துக்கொண்டு வந்தார். நான் கைகொடுத்தேன். சிரித்தவர், கதிரையில் இருந்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"மிஸ், கிடைக்கும் வரைக்கும் ஒண்டும் தெரியேல்லை. இப்ப பயமாக் கிடக்குது. எனக்குச் சிங்களத்திலை பத்துவரை எண்ணத்தான் தெரியும்."

சரியான விடயத்துக்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்தேன். மொழி நூல்கள் இருக்கும் அலுமாரியைத் திறந்து, தமிழர் சிங்களம் பழகுவதற்கான தொடக்கநிலைப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஒலிப்பதிவோடு கூடியது. அவர் அங்கேயே விரித்து, உதட்டுக்குள் வாசிக்கத் தொடங்கினார்.

தகப்பன் அலுமாரியடியில் நின்றுகொண்டிருந்தார். போகவும் இல்லை, இருக்கவும் இல்லை.

"என்ன அண்ணை?" என்று கேட்டேன்.

"இதிலை இன்னொண்டு இருக்கே மிஸ்? அவள் அதைக் கொண்டுபோயிடுவாள். நான் ஒருக்கா அவளைப் பாக்கப் போனா, விடுதிக் காவல்காரனிட்டை இன்னாரின்ரை தகப்பன் எண்டு சிங்களத்திலை சொல்லவேணுமெல்லே?"

இன்னொரு பிரதி இருந்தது. அவருக்கு அங்கத்துவ அட்டை எழுதி, அதைக் கையில் கொடுத்தேன். அவர் மகளுக்கு எதிரே போய் அமர்ந்து, முதல் பக்கத்தைத் திறந்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"மெல்லமா, அப்பா," என்றார் நிலானி. "லைபிறரி."